எழுத்தில் ஒன்று, நாவில் ஒன்று: யூதர்கள் கடவுளை அழைக்கும் பெயர்களை அறியத் தொடங்குவோருக்கு

எபிரேய எழுத்துகளைப் புதிதாகக் கற்ற ஒருவர், யூதர்களின் வழிபாட்டு நூலைத் திறந்து அருகில் ஓதுபவரோடு எழுத்துக்கூட்டி வாசிக்க முயன்றால், முதல் சில சொற்களுக்குள்ளேயே தடுமாறி நின்றுவிடுவார். தாளில் இருப்பவை யோத், ஹே, வாவ், ஹே என்னும் நான்கு எழுத்துகள். ஓதுபவரின் வாயிலிருந்து வருவதோ, ஒலியளவில் அவற்றோடு எந்த உறவும் இல்லாத "அதோனாய்" என்ற சொல். அதே மனிதர் வழிபாடு முடிந்து வெளியே வந்து, நலம் விசாரிக்கும் நண்பருக்கு மறுமொழி சொல்லும்போது, அதோனாய் என்பதையும் விட்டுவிட்டு "பாருக் ஹாஷெம்" என்கிறார். "அந்தப் பெயர் போற்றப்படுக" என்பது அதன் பொருள். எழுத்துக்கு ஒரு வடிவம், வழிபாட்டுக்கு ஒரு வடிவம், அன்றாடப் பேச்சுக்கு ஒரு வடிவம் என்ற இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ளாமல் பெயர்களையும் பொருள்களையும் மனப்பாடம் செய்பவர், எவ்வளவு நீண்ட பட்டியலை வைத்திருந்தாலும் ஒரு யூத நண்பரின் வீட்டு மேசையில் நடக்கும் உரையாடலைப் பின்தொடர முடியாது. ஆகவே இவ்வழிகாட்டி, ஒவ்வொரு பெயரையும் அதன் பொருளோடு மட்டுமன்றி அது வாழும் இடத்தோடும் சேர்த்தே அறிமுகப்படுத்துகிறது.

முதல் படி: கையிலிருக்கும் பட்டியலை ஒதுக்கி வையுங்கள்

தமிழில் "கடவுளின் எபிரேயப் பெயர்கள்" என்று தேடுபவருக்குக் கிடைப்பவை பெரும்பாலும் கிறிஸ்தவ வழிபாட்டு மரபில் உருவான பட்டியல்கள். யேகோவாயீரே, யேகோவாநிசி, யெகோவா ஷாலோம் என்று அவை தொடங்கும். அம்மரபில் அவற்றுக்கு உரிய இடம் உண்டு என்பதில் ஐயமில்லை; ஆனால் யூதர்கள் கடவுளின் பெயர்கள் என்று எண்ணும் வரிசை அதுவன்று. ஆதியாகமம் 22:14 இல் ஆபிரகாம் பெயரிட்டது ஓர் இடத்துக்கு. யாத்திராகமம் 17:15 இல் மோசே பெயரிட்டது ஒரு பலிபீடத்துக்கு. நியாயாதிபதிகள் 6:24 இல் கிதியோனும் தான் கட்டிய பலிபீடத்துக்கே பெயரிடுகிறான்.

யெகோவா ஷாலோம் என்னும் இந்தக் கடைசிப் பெயரில் மட்டும் ஒரு நுட்பம் உண்டு. ஷாலோம் என்றால் சமாதானம், அதுவே யூதர்களின் வணக்கச்சொல்லும்கூட. அவ்வசனத்தை வைத்தே, "ஷாலோம்" என்பது கடவுளுக்கும் பெயர் என்று, ரபிகள் எனப்படும் யூத மத அறிஞர்களின் விவாதங்களைத் தொகுத்த தால்முத் வாதிடுகிறது. அதனால் குளிக்குமிடத்தில் ஒருவருக்கொருவர் ஷாலோம் சொல்லி வணங்கக்கூடாது என்றும் விதிக்கிறது. ஒரு பெயர் கடவுளுடையதா என்ற கேள்வி, யூத மரபில் உடனே "அதை எங்கே சொல்லலாம், எங்கே சொல்லக்கூடாது" என்ற கேள்வியாக மாறிவிடுவதற்கு இதைவிடச் சிறிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டாம் படி: நான்கெழுத்துப் பெயரிலிருந்து தொடங்குங்கள்

மற்றெல்லாப் பெயர்களும் இந்த ஒன்றைச் சுற்றியே அமைந்துள்ளன. எபிரேய வேதாகமத்தில் இது 6,800 முறைக்கு மேல் வருகிறது. மோசேயின் ஐந்து நூல்களாகிய தோராவில் மட்டும் 1,820 முறை வருவதாக மரபு எண்ணி வைத்திருக்கிறது. "இருத்தல்" என்று பொருள்படும் வினையடியோடு இது தொடர்புடையது என்பதே பரவலான கருத்து. இருந்தவர், இருக்கிறவர், இருக்கப்போகிறவர் என்று மூன்று காலங்களையும் ஒருசேரக் குறிக்கும் பெயராக யூத உரையாசிரியர்கள் இதை விளக்குவர்.

இப்பெயர் எப்போதுமே ஒலிக்கப்படாமல் இருந்ததில்லை என்பதைப் புதியவர்கள் கவனிக்க வேண்டும். கி.மு. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மோவாபிய அரசன் மேஷாவின் கல்வெட்டிலும், எருசலேமுக்கு அருகே கெத்தேஃப் ஹின்னோமில் 1979 இல் கிடைத்த வெள்ளிச் சுருள்களிலும் இந்த நான்கு எழுத்துகள் உள்ளன. எருசலேம் ஆலயம் நின்ற காலத்தில், ஆசாரியர்கள் மக்களை ஆசீர்வதிக்கும்போது ஆலயத்துக்குள் பெயரை எழுதியபடியே சொன்னார்கள், வெளியூர்களில் மாற்றுச்சொல்லால் சொன்னார்கள் என்று கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலாகிய மிஷ்னா கூறுகிறது. பாவநிவாரண நாளாகிய யோம் கிப்பூரில் தலைமை ஆசாரியர் அப்பெயரை உச்சரிக்கும்போது, முற்றத்தில் நின்ற மக்கள் முகங்குப்புற விழுந்து, "அவருடைய மாட்சிமிகு ஆட்சியின் பெயர் என்றென்றும் போற்றப்படுக" என்று மறுமொழி சொன்னார்கள் என்ற விவரமும் அதிலேயே உள்ளது. இன்றும் பல தொழுகைக்கூடங்களில் அந்நாளில் அக்காட்சியை வாசிக்கும் இடத்தில் மக்கள் தரையில் விழுந்து வணங்குகிறார்கள். ஆனால் பெயர் மட்டும் ஒலிப்பதில்லை. கி.பி. 70 இல் ஆலயம் அழிந்தபின் அதைச் சொல்வதற்குரிய இடமே இல்லாமற்போயிற்று. அதை எழுத்துப்படி உச்சரிப்பவனுக்கு மறுமையில் பங்கில்லை என்று அப்பா ஷாவுல் என்னும் அறிஞர் கூறியதும் மிஷ்னாவில் பதிவாகியுள்ளது.

அப்படியானால் "யெகோவா" எங்கிருந்து வந்தது? எபிரேயத்தில் உயிரொலிகளை எழுத்துகளுக்கு மேலும் கீழும் இடும் சிறு குறிகளாகக் காட்டும் முறையை, ஏறத்தாழ 7 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்த மசோரெத்துகள் என்னும் படியெடுப்பாளர்கள் வளர்த்தெடுத்தனர். நான்கெழுத்துப் பெயர் வரும் இடங்களில், வாசிப்பவர் "அதோனாய்" என்று சொல்ல வேண்டும் என்பதற்கு நினைவூட்டலாக, அச்சொல்லின் உயிர்க்குறிகளை இவ்வெழுத்துகளோடு சேர்க்கும் வழக்கம் அவர்களுடைய படிகளில் நிலைத்தது. ஒரு சொல்லின் மெய்களையும் இன்னொரு சொல்லின் உயிர்களையும் ஒன்றாக வாசித்த இடைக்காலக் கிறிஸ்தவ வாசகர்களிடம் பிறந்த ஒலி வடிவமே யெகோவா. "யாவே" என்பது கல்வியாளர்கள் ஒப்பீட்டால் மீட்டெடுத்த வடிவம். வரலாற்று ஆய்வில் அதற்குப் பயன் உண்டு. யூத நண்பரின் முன் அதை உரக்கச் சொல்வது மட்டும் பெரும்பாலும் நெருடலாகவே இருக்கும்.

"அதோனாய்" என்பதற்கு "என் ஆண்டவர்" என்று பொருள். இலக்கண வடிவில் அது பன்மை. மனிதரை மரியாதையாக விளிக்கும் "அதோனி" என்ற சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இன்றைய இஸ்ரேலில் கடைக்காரர் உங்களை அதோனி என்று அழைத்தால் அது "ஐயா" என்பதற்கு மேல் எதுவுமில்லை. கடைசி உயிர் மாறினால் சொல் கடவுளுடையதாகிவிடும்.

மூன்றாம் படி: தமிழ் வேதாகமத்தைத் திறவுகோலாக்குங்கள்

எபிரேயம் தெரியாத தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் எதிர்பாராத ஒரு வசதி உண்டு. சீர்திருத்தத் திருச்சபைகளில் நெடுங்காலமாகப் புழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, நான்கெழுத்துப் பெயர் வரும் இடங்களில் பொதுவாகக் "கர்த்தர்" என்றும், "எலோஹிம்" வரும் இடங்களில் "தேவன்" என்றும் எழுதுகிறது. கத்தோலிக்கரும் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பில் அவை "ஆண்டவர்", "கடவுள்" என்று அமைகின்றன. ஆகவே ஆதியாகமம் 2:4 இல் "தேவனாகிய கர்த்தர்" என்று காணும்போது, எபிரேயத்தில் இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து நிற்கின்றன என்று நீங்களே அறிந்துகொள்ளலாம். எசேக்கியேலில் அடிக்கடி வரும் "கர்த்தராகிய ஆண்டவர்" என்பதில், எழுத்திலேயே "அதோனாய்" முன்னே நிற்க, அதன்பின் நான்கெழுத்துப் பெயர் வருகிறது. அங்கே அதோனாய் அதோனாய் என்று இருமுறை சொல்வதைத் தவிர்க்க, நான்கெழுத்துப் பெயரை "எலோஹிம்" என்று வாசிப்பது வழக்கம்.

இதில் ஒரு சுவையான தொடர்ச்சி மறைந்திருக்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பின் படிகள் நான்கெழுத்துப் பெயருக்கு ஈடாக ஆண்டவர் என்று பொருள்படும் "கூரியோஸ்" என்ற சொல்லைக் கையாண்டன. பிற மொழிகளும் அவ்வழியே சென்றன. பெயரை எழுதாமல் அதன் மாற்றுச்சொல்லை மொழிபெயர்க்கும் அந்த வழக்கமே தமிழிலும் "கர்த்தர்" என்று நிலைத்தது. தமிழ்க் கிறிஸ்தவர் ஒருவர் கர்த்தர் என்று வாசிக்கும் ஒவ்வொரு முறையும், தாம் அறியாமலேயே ஒரு யூத வாசிப்பு ஒழுக்கத்தைப் பின்பற்றுகிறார். யாத்திராகமம் 6:3 போன்ற சில இடங்களில் மட்டும் பழைய மொழிபெயர்ப்பு "யேகோவா" என்று வெளிப்படையாக எழுதுகிறது. அங்கே பேச்சே பெயரைப் பற்றியது என்பதால் வேறு வழியில்லை.

இதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பயிற்சி செய்து பாருங்கள். சங்கீதம் 14ஐயும் 53ஐயும் அருகருகே வைத்து வாசியுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே பாடல். ஆனால் முன்னதன் 2ஆம் வசனத்தில் பரலோகத்திலிருந்து கண்ணோக்குபவர் "கர்த்தர்". பின்னதில் அதே வரியில் "தேவன்". 42 முதல் 83 வரையுள்ள சங்கீதங்களில் எலோஹிம் என்ற பெயரே மேலோங்கி நிற்பதை ஆய்வாளர்கள் நெடுநாளாகக் கவனித்து வந்துள்ளனர். கால் மணி நேரத்தில் முடியும் இந்த ஒப்பீடு, பத்துப் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட அதிகம் கற்றுத்தரும்.

நான்காம் படி: எலோஹிம், எல்

எலோஹிம் என்பது வடிவத்தில் பன்மை. ஆனால் இஸ்ரவேலின் கடவுளைக் குறிக்கும்போது பொதுவாக ஒருமை வினையையே கொள்ளும். தோராவின் முதல் வரியில் "படைத்தார்" என்பதற்குரிய "பாரா" ஒருமையில்தான் நிற்கிறது. இது தனிப்பெயர் அன்று, பொதுச்சொல். அதனால் பிற தெய்வங்களைக் குறிக்கவும் இதே சொல் வேதாகமத்தில் வருகிறது, சில இடங்களில் நீதிபதிகள் என்றும் யூத உரைகள் பொருள் கொள்கின்றன.

இந்த "நீதிபதி" என்ற பொருளிலிருந்தே ரபிகளின் புகழ்பெற்ற பாகுபாடு வளர்ந்தது: எலோஹிம் என்றால் நீதியின் முறைமை, நான்கெழுத்துப் பெயர் என்றால் இரக்கத்தின் முறைமை. ஆதியாகமத்தின் முதல் படைப்புக் கதை எலோஹிமை மட்டும் பேச, இரண்டாவது கதை இரு பெயர்களையும் இணைத்துப் பேசுவது ஏன் என்ற கேள்விக்கு, பெரேஷித் ரப்பா என்னும் பழைய விளக்கத் தொகுப்பு ஓர் உவமை சொல்கிறது. அரசனிடம் சில கிண்ணங்கள் இருந்தன. வெந்நீர் ஊற்றினால் வெடித்துவிடும், குளிர்ந்த நீர் ஊற்றினால் சுருங்கி விரிசல் விடும். அரசன் இரண்டையும் கலந்து ஊற்றினான், கிண்ணங்கள் நிலைத்தன. உலகை இரக்கத்தால் மட்டும் படைத்தால் பாவம் பெருகும், நீதியால் மட்டும் படைத்தால் உலகமே நிற்காது என்பதால் இரண்டும் கலந்தன என்பது விளக்கம். 1753 இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் அஸ்த்ரூக் இதே பெயர் வேறுபாட்டைக் கண்டு, மோசே இருவேறு மூல ஆவணங்களைக் கையாண்டிருக்கலாம் என்று வாதிட்டார். நவீன வேதாகம ஆய்வின் பெரும்பகுதி அந்தக் கவனிப்பிலிருந்து கிளைத்தது. ஒரே தடயத்தை இரு மரபுகள் இரு திசைகளில் வாசித்திருக்கின்றன. புதியவர் இரண்டையும் அறிந்துவைப்பது நல்லது, ஒன்றைக் கொண்டு மற்றதை அடிக்க முற்படுவது வீண்.

எல் என்பது குறுகிய, மிகப் பழைய சொல். "வல்லவர்" என்ற சாயல் கொண்டது, அண்டை மொழிகளிலும் தெய்வத்தைக் குறித்தது. தோராவில் இது பெரும்பாலும் அடைமொழியோடு வரும். மெல்கிசேதேக்கு ஆபிராமை ஆசீர்வதிப்பது எல் எல்யோன், அதாவது உன்னதமான கடவுளின் பெயரால். ஆபிரகாம் பெயெர்செபாவில் தொழுவது எல் ஓலாம், என்றுமுள்ள கடவுளை. இவற்றுள் எனக்கு எப்போதும் தனித்துத் தெரிவது ஆதியாகமம் 16:13. அங்கே "எல் ரோயி", அதாவது என்னைக் காண்கிற கடவுள் என்று பெயர் சூட்டுபவள், கொடுமை தாளாமல் தப்பியோடி வனாந்தரத்தில் நிற்கும் எகிப்திய அடிமைப்பெண் ஆகார். கடவுளுக்கு ஒரு மனிதர் பெயரிடுவதாக வேதாகமம் சொல்லும் அரிய இடம் அது.

எல் என்பதை மறக்காமல் இருக்கத் தமிழர்களிடையே புழங்கும் ஆட்பெயர்களே போதும். தானியேல் என்றால் "கடவுள் என் நீதிபதி". மிகாவேல் என்றால் "கடவுளுக்கு நிகர் யார்". அதேபோல், நான்கெழுத்துப் பெயரின் குறுக்கமாகிய "யாஹ்" ஏசாயா என்ற பெயரின் ஈற்றிலும், "யோ" என்று திரிந்து யோவான் என்ற பெயரின் முதலிலும் நிற்கிறது. எலியாவிலும் யோவேலிலும் எல், யாஹ் இரண்டுமே உள்ளன. ஒன்றை மற்றதன் தலைகீழாகக் கொள்ளலாம். "அல்லேலூயா" என்று பாடுபவர் "யாஹ்வைத் துதியுங்கள்" என்றே சொல்கிறார்.

ஐந்தாம் படி: எஹ்யெ, ஷத்தாய், ஸெவாஓத்

எரியும் முட்செடியின் முன், "உம்முடைய பெயர் என்ன என்று மக்கள் கேட்டால் நான் என்ன சொல்வேன்" என்று மோசே வினவ, "எஹ்யெ அஷெர் எஹ்யெ" என்ற விடை வருகிறது. தமிழ் மொழிபெயர்ப்பு "இருக்கிறவராக இருக்கிறேன்" என்று நிகழ்காலத்தில் தருகிறது. எபிரேய வினைவடிவம் எதிர்காலத்தையும் தழுவுவதால் "எப்படி இருப்பேனோ அப்படி இருப்பேன்" என்றும் கொள்ளலாம். தால்முத் இதற்கு ஓர் உரையாடலையே புனைகிறது: இந்தத் துன்பத்திலும் அவர்களோடு இருப்பேன், இனி வரும் துன்பங்களிலும் இருப்பேன் என்று கடவுள் சொன்னாராம், ஆண்டவரே, அந்தந்த வேளைக்கு அதனதன் துன்பமே போதுமே, இனி வரப்போவதை இப்போதே ஏன் சொல்லவேண்டும் என்று மோசே கேட்டாராம், அதனால்தான் மக்களிடம் சொல்லும்போது ஒரே ஒரு "எஹ்யெ" மட்டும் போதும் என்று கடவுள் இசைந்தாராம்.

ஷத்தாய் என்பதன் வேர்ப்பொருள் உறுதியாகத் தீர்க்கப்படாதது. "சர்வவல்லவர்" என்ற தமிழ், பழைய கிரேக்க, இலத்தீன் மொழிபெயர்ப்புகளின் வழி வந்த புரிதல். மலையைக் குறிக்கும், பண்டைய மெசொப்பொத்தாமிய மொழியாகிய அக்காதியத்தின் சொல்லோடு சிலர் ஒப்பிடுவர். "போதும்" என்று பொருள்படும் "தாய்" என்ற எபிரேயச் சொல்லைப் பிரித்து, விரிந்துகொண்டே போன உலகை நோக்கி "போதும்" என்றவர் என்று தால்முத் விளக்கும். வேதாகமத்தில் 48 முறை வரும் இப்பெயரில் 31 முறை யோபுவின் நூலுக்கு மட்டுமே உரியது. இன்று இதை நீங்கள் கண்ணால் காணும் இடம் யூத வீடுகளின் கதவுநிலை. அங்கே பொருத்தப்படும் மெஸூஸா என்னும் தோற்சுருளின் புறப்பக்கத்தில் இப்பெயர் எழுதப்பட்டிருக்கும். உறையின் மேல் இதன் முதலெழுத்தாகிய ஷின் மட்டுமேனும் இருக்கும். இதன் மூன்று எழுத்துகளை "இஸ்ரவேலின் கதவுகளைக் காப்பவர்" என்ற தொடரின் முதலெழுத்துகளாகவும் விரிப்பர்.

ஸெவாஓத் என்றால் சேனைகள். "சேனைகளின் கர்த்தர்" என்று தமிழில் படித்திருப்பீர்கள். தோராவில் இது கடவுளின் பெயராக வருவதே இல்லை. முதன்முதலில் தோன்றுவது 1 சாமுவேலின் தொடக்கத்தில்.

ஆறாம் படி: அழிக்கக்கூடாத பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

யூதச் சட்டத்தில் கடவுளின் பெயர் என்பது பொருளைப் பற்றிய செய்தி மட்டும் அன்று, காகிதத்தையும் மையையும் பற்றிய செய்தியும்கூட. உபாகமம் 12:3-4 இல், பிற தெய்வங்களின் பெயரை அழித்துவிடுங்கள், உங்கள் கடவுளுக்கு அப்படிச் செய்யாதீர்கள் என்று வருவதை அடிப்படையாகக் கொண்டு, எழுதப்பட்ட திருப்பெயரை அழிப்பது தடைசெய்யப்பட்டது. 12ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞரும் தத்துவவாதியுமான மைமோனிதேஸ் இத்தகைய பெயர்களை ஏழு என்று வரையறுத்தார்: நான்கெழுத்துப் பெயரும் அதன் மாற்றாகிய அதோனாயும் சேர்ந்து ஒன்று, பிறகு எல், எலோஆ, எலோஹிம், எலோஹே, ஷத்தாய், ஸெவாஓத். தால்முத்தில் வரும் வரிசை எஹ்யெயையும் சேர்க்கிறது. அதனால் நூலுக்கு நூல் பட்டியல் சற்று மாறுபட்டால் குழம்ப வேண்டாம். "பெரியவர்", "இரக்கமுள்ளவர்", "வல்லவர்" போன்றவை அடைமொழிகளே, அவற்றை அழிக்கலாம். பெயருக்கு முன்னொட்டாக வரும் எழுத்தை அழிக்கலாம், பின்னொட்டாக ஒட்டிய எழுத்தை அழிக்கக்கூடாது, ஏனெனில் பெயர் அதையும் புனிதமாக்கிவிட்டது என்ற அளவுக்கு இந்தச் சட்டம் நுணுக்கமாகச் செல்கிறது.

இதன் விளைவுகளை அன்றாட வாழ்வில் காணலாம். தோரா எழுதும் எழுத்தர், பெயரை எழுதும் ஒவ்வொரு முறையும் "திருப்பெயரின் புனிதத்துக்காக" என்று வாய்விட்டுச் சொல்லியே எழுதுவார். பெயரிலேயே பிழை நேர்ந்தால் சுரண்டித் திருத்த முடியாது, அந்தத் தாளையே விலக்கிவைக்க வேண்டும். எபிரேயத்தில் எண்களை எழுத்துகளால் குறிக்கும்போது 15ஐ 10+5 என்று எழுதினால் யாஹ் என்ற பெயராகிவிடும் என்பதால் 9+6 என்றும், 16ஐ 9+7 என்றும் எழுதுவர். ஷெவாத் மாதத்தின் 15ஆம் நாளாகிய மரங்களின் விழா "து பிஷ்வாத்" என்று அழைக்கப்படுவதற்கு அந்த 9+6 தான் காரணம். ஆங்கிலத்தில் "காட்" என்ற சொல்லின் நடுவெழுத்துக்குப் பதில் சிறுகோடு இடும் வழக்கத்தையும் கண்டிருப்பீர்கள். தடை எபிரேயப் பெயர்களுக்கே உரியது என்று பல சட்ட அறிஞர்கள் கருதினாலும், எச்சரிக்கைக்காகப் பலர் அப்படி எழுதுகிறார்கள்.

பழுதான வழிபாட்டு நூல்களைக் குப்பையில் இடுவதில்லை. கெனிஸா என்னும் சேமிப்பிடத்தில் வைத்துப் பின்னர் கல்லறைத் தோட்டத்தில் புதைப்பர். கெய்ரோவின் பழைய பகுதியாகிய ஃபுஸ்தாத்திலுள்ள பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தின் கெனிஸாவில், திருப்பெயர் தாங்கிய நூல்களோடு எபிரேய எழுத்தில் இருந்த கடிதங்கள், கணக்குகள், திருமண ஒப்பந்தங்கள் என எல்லாமே பல நூற்றாண்டுகளாகக் குவிந்தன. 1896-97 இல் சாலமன் ஷெக்டர் என்னும் யூத அறிஞர் அங்கிருந்து கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசென்ற பெருந்தொகுதியால் அது உலகப் புகழ்பெற்றது. 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் தங்கி வணிகம் செய்து, மலபார்க் கரையில் வெண்கலப் பட்டறை நடத்திய ஆபிரகாம் பென் யிஜு என்ற யூத வணிகரின் கடிதங்களும் கணக்குகளும் நமக்குக் கிடைத்திருப்பது அந்த அறையால்தான். கடவுளின் பெயரை அழிக்கக்கூடாது என்ற ஒரு விதி, நம் மேற்குக் கடற்கரையின் வணிக வரலாற்றையும் சேர்த்தே காத்துக்கொடுத்திருக்கிறது.

ஏழாம் படி: பேச்சில் புழங்கும் பெயர்களுக்குக் காதைப் பழக்குங்கள்

இங்கேதான் புதியவர் உண்மையில் அதிக நேரம் செலவிட வேண்டும், ஏனெனில் யூதர்களோடு பழகும்போது காதில் விழுபவை பெரும்பாலும் இவையே. முதலாவது ஹாஷெம், "அந்தப் பெயர்". பக்தியுள்ளோர் பேச்சில் இது எங்கும் நிறைந்திருக்கும். எழுத்தில் ஹே என்ற ஒற்றை எழுத்தும் ஒரு சிறு குறியும் போதும். பாடம் நடத்தும்போதோ பாடிப் பழகும்போதோ பிற பெயர்களின் ஓரெழுத்தை மாற்றி, எலோஹிம் என்பதை "எலோகிம்" என்றும், எல் என்பதை "கேல்" என்றும் சொல்வதைக் கேட்பீர்கள். தமிழில் எலோகிம் என்று எழுதும் வழக்கம் ஹகரத்தைத் தவிர்ப்பதால் வந்தது. யூதரின் வாயில் வரும் எலோகிம் வேண்டுமென்றே மாற்றியது. இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள்.

ரபிகளின் நூல்களில் அடிக்கடி வருவது "ஹக்காதோஷ் பாருக் ஹூ", அதாவது "தூயவர், அவர் போற்றப்படுக". வேண்டுதலும் முறையீடும் கலந்த குரலில் சொல்வது "ரிப்போனோ ஷெல் ஓலாம்", உலகின் தலைவரே என்று. "அவினு மல்கேனு", எங்கள் தந்தையே எங்கள் அரசே, புத்தாண்டு முதல் யோம் கிப்பூர் வரையுள்ள பத்து நாள்களுக்குரிய விளி.

"ஹமாகோம்" என்பதைத் தனியே சொல்ல வேண்டும். நேர்ப்பொருள் "அந்த இடம்". அவர் உலகின் இடமாக இருக்கிறார், உலகம் அவருடைய இடமன்று என்று பெரேஷித் ரப்பா இதை விளக்குகிறது. துக்க வீட்டில் ஏழு நாள் அமர்ந்திருப்போரிடம் விடைபெறும்போது, சீயோனுக்கும் எருசலேமுக்கும் துக்கங்கொள்ளும் மற்ற அனைவரோடும் ஹமாகோம் உங்களைத் தேற்றுவாராக என்று சொல்வது அஷ்கெனாஸி யூதரின், அதாவது நடு, கிழக்கு ஐரோப்பிய மரபில் வந்த யூதரின் வழக்கம். இருக்கை வெறுமையாகிவிட்ட வீட்டில் கடவுளை "இடம்" என்று அழைப்பதன் பொருத்தத்தை நான் விளக்க வேண்டியதில்லை. "ஷெகினா" என்பது உறைதல் என்ற வேரிலிருந்து வந்த பெண்பாற்சொல். கடவுளின் உடனிருப்பைக் குறிக்கும். இச்சொல் வேதாகமத்தில் இல்லை, ரபிகளின் நூல்களில்தான் தோன்றுகிறது.

எட்டாம் படி: மறைஞானப் பெயர்களைக் கடைசியில் வையுங்கள்

12 எழுத்துப் பெயர், 42 எழுத்துப் பெயர், 72 பெயர்கள், கபாலா என்னும் யூத மறைஞான மரபில் கடவுளின் எல்லையின்மையைக் குறிக்கும் "ஏன் ஸோஃப்" ஆகியவை இணையத்தில் எளிதில் கவனத்தை ஈர்ப்பவை. யாத்திராகமம் 14 இல் 19 முதல் 21 வரையுள்ள மூன்று வசனங்களும் தனித்தனியே 72 எழுத்துகள் கொண்டவை என்ற கவனிப்பிலிருந்து 72 பெயர்கள் வருகின்றன. தோரா, மிஷ்னா ஆகியவற்றில் அடித்தளம் இல்லாமல் இவற்றை அணுகினால் வெறும் எழுத்து விளையாட்டே மிஞ்சும். மைமோனிதேஸ் தம் தத்துவ நூலில், நான்கெழுத்துப் பெயர் ஒன்றே கடவுளின் தனிப்பெயர், மற்றவை அவருடைய செயல்களிலிருந்து பிறந்தவை என்று நிறுவிவிட்டு, பெயர்களைச் சேர்த்துத் தாயத்து எழுதுவோரின் பேச்சுக்குச் செவிகொடுக்க வேண்டாம் என்று கடுமையாக எச்சரித்தார். தாயத்துகள் அதன்பின்னும் எழுதப்பட்டே வந்தன.

ஒன்பதாம் படி: தொழுகைக்கூடத்துக்குச் செல்லும் நாளில்

யூதரல்லாத விருந்தினர் எபிரேயத்தில் ஓத வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. அமைதியாகப் பின்தொடர்ந்தாலே போதும். நான்கு எழுத்துகள் கண்ணில் பட்டால் மனத்துக்குள் அதோனாய் என்று வாசியுங்கள். பிறகு அதைப் பற்றிக் கேள்வி கேட்கும்போது ஹாஷெம் என்றோ "நான்கெழுத்துப் பெயர்" என்றோ குறிப்பிடுங்கள். ஆசீர்வாதத் தொடர்களை வீட்டில் சொல்லிப் பழகுபவர்களும் ஹாஷெம் என்ற சொல்லை இட்டே பழகுவது நல்லது, ஏனெனில் தேவையின்றிப் பெயரைச் சொல்வதை யூத மரபு பத்துக் கட்டளைகளின் "வீணாக" என்ற சொல்லோடு இணைத்துப் பார்க்கிறது. வழிபாட்டு நூலைத் தரையில் வைக்காதீர்கள், கழிவறைக்குக் கொண்டுசெல்லாதீர்கள். கைதவறி விழுந்துவிட்டால் எடுத்து முத்தமிடுவது அவர்களுடைய வழக்கம். வாயிலில் அச்சிட்ட தாள் ஏதேனும் உங்கள் கையில் தந்திருந்தால், அதில் எபிரேய வேண்டுதல் இருக்கக்கூடும் என்பதால், மடித்துப் பையில் திணித்துப் பின்னர் எங்கோ எறிந்துவிடாமல், கிளம்பும்போது தந்தவரிடமே கொடுத்துவிடுங்கள். அதைக் கெனிஸாப் பெட்டியில் சேர்க்க வேண்டுமா என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.